சிலந்தி நரம்புகளுக்கும் முகத்துச் சிவப்பு இழைகளுக்கும் லேசர் சிகிச்சை: முழுமையான வழிகாட்டி

காலிலும் முகத்திலும் சிவப்பும் நீலமுமாகக் கிளைவிட்டுப் படரும் மெல்லிய கோடுகளைப் பார்த்தால் 'நரம்பு தெரியுது' என்று சொல்லிவிடுகிறோம். வலியையும் தொடுவுணர்வையும் கடத்தும் நரம்புக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. இவை தோலின் மேற்பகுதியில் ஓடும் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்கள். 'உடைந்த தந்துகி' என்ற பெயரும் இதே மாதிரி பிசகானதுதான். எதுவும் உடையவில்லை, ரத்தம் வெளியே கசியவும் இல்லை. விரிந்த குழாய் மறுபடி சுருங்கும் திறனை இழந்து, விரிந்தபடியே நின்றுவிட்டது.

சந்தேகம் இருந்தால் கண்ணாடி தம்ளரின் அடிப்பாகத்தை அந்த இடத்தில் வைத்து அழுத்துங்கள். சிவப்பு மறைந்து, கையை எடுத்ததும் திரும்பி வந்தால் ரத்தம் இன்னும் குழாய்க்குள்தான் ஓடுகிறது. அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளி என்றால் ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் இறங்கியிருக்கிறது. அதற்கு லேசர் மருந்தல்ல. அப்படிப்பட்ட புள்ளிகள் புதிதாக நிறைய வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

அளவை வைத்து இவற்றை மூன்றாகப் பிரிப்பார்கள். 1 மி.மீ.க்குக் குறைவான சிவப்பு அல்லது ஊதா இழைகள் சிலந்தி நரம்புகள். 1 முதல் 3 மி.மீ. வரை, பச்சை கலந்த நீலத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே வலைபோல ஓடுபவை வலைச் சிரைகள். அதற்கு மேல் தடித்து, நின்றால் புடைத்துக்கொண்டு வருபவை வெரிகோஸ் வெயின். லேசர் என்று நாம் இங்கே பேசுவது தோலுக்கு வெளியிலிருந்து பாய்ச்சும் ஒளியை. வெரிகோஸ் வெயினுக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி உள்ளிருந்தே சுடும் லேசர் வேறு சிகிச்சை. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் பலர் ஒன்றை நினைத்து இன்னொன்றுக்குத் தயாராகிப் போகிறார்கள்.

சிகிச்சைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது 'எந்த மெஷின் நல்லது?' என்பதைத்தான். கேட்க வேண்டியது வேறு: இந்தக் குழாய் எவ்வளவு தடிமன், எவ்வளவு ஆழம், எங்கிருந்து இதற்கு ரத்தம் வருகிறது? இதற்குப் பதில் தெரிந்த கையில் சாதாரண மெஷினும் வேலை செய்யும். தெரியாத கையில் விலையுயர்ந்த மெஷின் தோலைச் சுடும்.

ஒளி எப்படிக் குழாயை மூடுகிறது

1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இருவர் முன்வைத்த கருத்துதான் இன்றைய தோல் லேசர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு பொருள் மட்டும் அதிகமாக உறிஞ்சும் நிறத்தில் ஒளியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பொருளிலிருந்து வெப்பம் அக்கம்பக்கம் பரவுவதற்குள் பாய்ச்சி நிறுத்திவிட்டால், குறி மட்டும் வெந்துபோகும், சுற்றியிருப்பது பிழைத்துக்கொள்ளும். இங்கே குறி, ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின். அது ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடு குழாயின் சுவருக்குப் போகும். சுவர் வெந்து ஒட்டிக்கொள்ளும். மூடிய குழாயை உடம்பு சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கரைத்து அகற்றிவிடும்.

இதில் நான்கு எண்களை மருத்துவர் முடிவு செய்கிறார்: ஒளியின் அலைநீளம், துடிப்பு (ஒரு முறை பாயும் ஒளி வீச்சு) நீடிக்கும் நேரம், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் செலுத்தும் ஆற்றல், ஒளி விழும் புள்ளியின் அகலம்.

அலைநீளத்தில்தான் முதல் இழுபறி. ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அருகே ஒளியை நன்றாக உறிஞ்சுகிறது. ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே பகுதியில் வலுவாக உறிஞ்சுகிறது. ஒளி குழாயைத் தொடுவதற்கு முன் மேல்தோலைக் கடந்தாக வேண்டும் என்பதால், தோல் எவ்வளவு கருமையோ அவ்வளவு ஒளி வழியிலேயே பிடிபடும். பிடிபட்ட இடத்தில் சூடு ஏறும். 1064 நானோமீட்டரில் மெலனின் ஒளியைக் குறைவாகவே பிடிக்கிறது, ஒளியும் பல மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. ஆனால் அங்கே ஹீமோகுளோபினும் குறைவாகத்தான் பிடிக்கும். ஆகவே ஆற்றலைப் பல மடங்கு கூட்ட வேண்டியிருக்கிறது. வலியும் அதற்கேற்பக் கூடுகிறது.

துடிப்பு நேரம் குழாயின் தடிமனைப் பொறுத்தது. சூடான குழாய் ஆறும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். 0.1 மி.மீ. குழாய் சுமார் 5 மில்லிசெகண்டில் ஆறுகிறது, 0.3 மி.மீ. குழாய்க்குச் சுமார் 40 மில்லிசெகண்ட் ஆகிறது. தடித்த குழாய்க்கு மிகக் குறுகிய துடிப்பைக் கொடுத்தால் உள்ளிருக்கும் ரத்தம் கொதித்துக் குழாய் வெடிக்கும், இடம் கன்றிப்போகும், சுவரோ முழுதாக வேகாது. மெல்லிய குழாய்க்கு நீண்ட துடிப்பைக் கொடுத்தால் சூடு அவ்வப்போதே வெளியேறிவிடும், குழாய் மூடாது. 'மூன்று தடவை போனேன், ஒன்றும் தெரியவில்லை' என்ற புகாரின் பின்னால் பல நேரம் இந்தப் பொருத்தமின்மைதான் இருக்கும்.

மெஷின்கள், சுருக்கமாக

பல்ஸ்டு டை லேசர் (595 நானோமீட்டர்): முகத்தில் பரவலான சிவப்புக்கும் மெல்லிய இழைகளுக்கும் பல ஆண்டுகளாக நம்பப்படுவது. 7 முதல் 10 மி.மீ. புள்ளி, 6 முதல் 10 மில்லிசெகண்ட், ஆற்றல் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். துடிப்பை 1.5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறக்கினால் கருநீலமாகக் கன்றிப்போய், ஒன்று முதல் இரண்டு வாரம் அப்படியே இருக்கும்.

கே.டி.பி. லேசர் (532): வெளிர்ந்த தோலில், மூக்கிலும் கன்னத்திலும் தனித்தனியாகத் தெரியும் சிவப்பு இழைகளுக்கு மிகப் பொருத்தம். கன்றல் அபூர்வம். கருமையான தோலுக்கு ஆகாது.

நீண்ட துடிப்பு என்டி யாக் லேசர் (1064): காலுக்கும், முகத்தில் ஆழமாக ஓடும் நீலக் குழாய்க்கும், நடுத்தர நிறம் முதல் கருமை வரையுள்ள தோலுக்கும் இதுதான் முதல் தேர்வு. ஆற்றல் சதுர சென்டிமீட்டருக்கு 100 ஜூலுக்கு மேல் போவது சாதாரணம். அதனால் தவறுக்கு மன்னிப்பும் குறைவு.

ஐ.பி.எல்.: இது லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த, வடிகட்டிய ஒளி வீச்சு. வெயிலால் சிவந்த, பழுப்புத் திட்டும் உள்ள வெளிர் முகத்துக்கு நல்லது. கருமையான தோலில் செவ்வகச் செவ்வகமாகக் கருந்தடம் விட்டுப்போகும் பிழைகள் இதில்தான் அதிகம் நடக்கும். விளம்பரத்தில் 'லேசர்' என்று போட்டு உள்ளே ஐ.பி.எல். வைத்திருப்பதும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட், 800–980 வரம்பில் டயோடு லேசர்கள் ஆகியவையும் புழக்கத்தில் உண்டு. இடைநிலை ஆழத்தில் உள்ள குழாய்களுக்குப் பயன்படுபவை.

படி 1: லேசரை மறந்து, காரணத்தைப் பாருங்கள்

முகத்தில் சிவப்பு இழைகள் வருவதற்கு வெயில், வயது, பரம்பரை, ரோசேசியா (முகம் நீடித்துச் சிவக்கும் தோல் நோய்) ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆனால் அடிக்கடி கண்ணில் படும், அடிக்கடி மறைக்கப்படும் காரணம் ஒன்று உண்டு: ஸ்டீராய்டு கலந்த கிரீம். நிறம் கூட்ட, பரு போக்க, அரிப்பு நிற்க என்று மாதக்கணக்கில் தடவிய கிரீமில் ஸ்டீராய்டு இருந்தால் தோல் மெலிந்து, அடியில் உள்ள குழாய்கள் விரிந்து வெளியே தெரியும். இந்த நிலையில் லேசர் செய்தால் இரட்டை நஷ்டம். மெலிந்த தோல் எளிதில் புண்படும், கிரீம் தொடர்ந்தால் குழாய்கள் திரும்ப வரும். முதலில் கிரீமை நிறுத்த வேண்டும். திடீரென நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்து கொப்பளிக்கலாம் என்பதால் தோல் மருத்துவர் சொல்படி படிப்படியாக விட வேண்டும். தோல் தேறச் சில மாதங்கள் ஆகும். லேசர் அதன் பிறகு.

ரோசேசியா இருந்தால் முதலில் மருந்தால் பருவையும் எரிச்சலையும் அடக்கிவிட்டுத்தான் ஒளி. சிவப்பைத் தற்காலிகமாகக் குறைக்கும் பிரிமோனிடின் போன்ற பூச்சு மருந்துகள் பரவலான சிவப்பைச் சில மணி நேரம் வெளுக்கச் செய்யும். நிலைத்துவிட்ட இழைகளை அவை அகற்றாது.

சில அடையாளங்கள் தெரிந்தால் அழகு சிகிச்சையே பின்னால்தான். நடுவில் சிவப்புப் புள்ளியும் சுற்றிலும் கால்களுமாகச் சிலந்தி உருவில் மார்பிலும் தோளிலும் புதிதாகப் பல தோன்றினால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். கர்ப்பத்திலும் இவை வரும், குழந்தை பிறந்து சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிவப்புப் புள்ளிகள், கூடவே அடிக்கடி மூக்கில் ரத்தம் என்றால் அது பரம்பரை ரத்தக் குழாய்க் கோளாறாக இருக்கலாம். விரல்கள் குளிரில் வெளுத்து, தோல் இறுகினால் ஸ்கிளீரோடெர்மாவை நினைக்க வேண்டும். முகத்தில் பளபளப்பான சிறு கட்டியும் அதன்மேல் ஓடும் இழைகளும் தோல் புற்றாக இருக்கக்கூடும். இழையை லேசரால் அழித்துவிட்டால் அடையாளம் போய்விடும், நோய் உள்ளே வளரும்.

படி 2: காலாக இருந்தால் வேரைத் தேடுங்கள்

முகத்துக்கும் காலுக்கும் ஒரே பெயரில் சிகிச்சை நடந்தாலும் இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 100 மி.மீ. பாதரசம் வரை ஏறுகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை பம்பு போல ரத்தத்தை மேலே தள்ளுவதால் அது வெகுவாக இறங்கிவிடும். முகத்துக் குழாய்க்கு இந்தச் சுமையே இல்லை. காலில் உள்ள குழாயின் சுவரும் தடிமன், இருப்பதும் ஆழம். அதனால்தான் முகத்தில் ஒன்றிரண்டு அமர்வில் மறைவது காலில் பல அமர்வு கேட்கிறது.

சிலந்தி நரம்புக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நீலப் பச்சைக் குழாய் ஒன்று ஓடி வந்து சேர்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அதுதான் ஊட்டும் குழாய். அதை விட்டுவிட்டு மேலே தெரியும் இழைகளை மட்டும் சுடுவது, ஒழுகும் தண்ணீர்க் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி. சில மாதங்களில் அதே இடம் மறுபடி சிவக்கும். கணுக்காலின் உட்புறம் விசிறி போல இழைகள் விரிந்திருந்தாலோ, கால் கனம், மாலையில் வீக்கம், தோல் பழுப்பாதல், ஆறிய அல்லது ஆறாத புண் இருந்தாலோ டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்ட் எடுத்தே ஆக வேண்டும். நின்ற நிலையில் எடுக்கும் இந்தப் பரிசோதனையில் தோலடிப் பெரிய சிரையில் ரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழ்நோக்கித் திரும்பினால் வால்வு கெட்டிருக்கிறது என்று கொள்வார்கள். அதைச் சரிசெய்வது முதல் வேலை.

காலைப் பொறுத்தவரை இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊசி போடக்கூடிய தடிமனில் குழாய் இருந்தால், அதற்குள் பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்பேட் செலுத்தி மூடும் ஸ்கிளீரோதெரபிதான் இன்றும் முதல் சிகிச்சை. சிலந்தி நரம்புக்குப் பாலிடோகனால் 0.25 முதல் 0.5 சதவீதம் போதும். ஒரே குத்தலில் ஊட்டும் குழாயும் இழைகளும் சேர்ந்து நிரம்பும் என்பது இதன் பலம். ஊசி நுழையாத அளவு மெல்லிய இழைகள், ஊசிக்குப் பிறகு புதிதாகக் கிளம்பிய நுண்ணிய சிவப்பு வலை, மருந்துக்கு ஒவ்வாமை, ஊசி என்றாலே நடுக்கம், இந்த இடங்களில்தான் லேசர் முந்துகிறது. 'காலுக்கு லேசர் மட்டும்தான் செய்வோம்' என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். அவர்களிடம் ஊசி வசதி இல்லை என்பதாகவும் அது இருக்கலாம்.

படி 3: தயாராவது

குறைந்தது நான்கு வாரம் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் கறுத்த தோலில் மெலனின் கூடியிருக்கும், அதே எண்கள் இப்போது கொப்புளம் போடும். சுயமாக நிறமூட்டும் பூச்சுகளும் கூடாது. ரெட்டினாய்டு, அமிலப் பூச்சுகளைச் சில நாள் முன்பே நிறுத்துங்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து (இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், கன்றல் கூடும் அவ்வளவுதான்), டாக்சிசைக்ளின் போன்ற ஒளிக்கூச்ச மருந்து, அண்மையில் பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்தது, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, உதட்டில் அடிக்கடி வரும் ஹெர்பிஸ் கொப்புளம். கடைசியாகச் சொன்னது இருந்தால் வாயைச் சுற்றிச் செய்யும்போது வைரஸ் தடுப்பு மாத்திரை முன்கூட்டியே தருவார்கள். கர்ப்ப காலத்தில் தள்ளிப்போடுவதே முறை.

ஆண்கள் கவனிக்க: 755, 1064 நானோமீட்டர் லேசரும் ஐ.பி.எல்.லும் முடி நீக்கவும் பயன்படுபவை. தாடி, மீசைப் பகுதியில் அடித்தால் அங்கே முடி நிரந்தரமாகக் குறையலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் கன்னத்தில் வட்டவட்டமாக முடி உதிர்ந்த பிறகு தெரியவருவது கொடுமை. சிகிச்சை இடத்தை முந்தைய நாள் மழித்துவிட்டு வர வேண்டும், மேலே நிற்கும் முடி கருகித் தோலைச் சுடும்.

மரத்துப்போகச் செய்யும் கிரீம் விஷயத்தில் ஒரு நுணுக்கம். லிக்னோகைன், பிரிலோகைன் கலந்த கிரீம் ரத்தக் குழாயைச் சுருக்கித் தோலை வெளுக்க வைக்கும். குறியே கண்ணுக்குத் தெரியாமல் போனால் எதை அடிப்பது? அதனால் முகத்து இழைகளுக்குப் பலர் குளிரூட்டலை மட்டுமே நம்புகிறார்கள். இரண்டு கால் முழுக்கக் கிரீமைப் பூசிப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வருவது ஆபத்து: மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை கொண்டுபோகும்.

ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மங்கிப்போன இழையை மனம் சீக்கிரம் மறந்துவிடும், மீதி நிற்பது மட்டும்தான் கண்ணில் படும்.

படி 4: சோதனைப் புள்ளி

தோல் நடுத்தர நிறமோ அதற்கு மேல் கருமையோ என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. அதிகம் தெரியாத ஓரத்தில் சில துடிப்புகள் மட்டும் கொடுத்து, நான்கு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். கொப்புளம் மறுநாளே தெரியும். ஆனால் கருந்தடமும் வெண்தடமும் வெளிப்பட வாரங்கள் ஆகும். 'இன்றைக்கே சோதித்து இன்றைக்கே முடித்துவிடலாம்' என்பது சோதனையே அல்ல.

படி 5: சிகிச்சை நாள்

முகத்தில் உள்ள ஒப்பனை எல்லாம் போக வேண்டும், குறிப்பாக மை. கருமை ஒளியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிட்டால் துடைத்திருந்தால் முழுதாக உலர்ந்த பின்பே தொடங்க வேண்டும், ஈரமாக இருந்தால் தீப்பற்றும். மச்சம், பச்சை குத்திய இடம், நிறம் பொதிந்த புருவம் ஆகியவற்றின் மேல் துடிப்பு விழக்கூடாது.

கண்ணுக்குக் காப்பு அறையில் உள்ள எல்லோருக்கும் வேண்டும், அதுவும் அந்த அலைநீளத்துக்கு உரியது. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நேராக விழித்திரை வரை போய்ச் சேரும், அங்கே ஏற்படும் காயம் ஆறாது. இமையிலோ கண் குழியின் எலும்பு விளிம்புக்குள்ளோ செய்ய வேண்டுமென்றால், கண்ணுக்குள் வைக்கும் உலோகக் கவசம் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டால் போதாது.

அடுத்தது குளிரூட்டல். குளிர்ந்த நீலக்கல் தகடு, குளிர் திரவத் தெளிப்பு, குளிர்காற்று என மூன்று வழிகள். நோக்கம் மேல்தோலைக் காப்பது, வலி குறைவது உபரி லாபம். தகடு வைத்துச் செய்யும் மெஷினில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் குழாயில் உள்ள ரத்தம் வெளியே தள்ளப்பட்டு, குழாய் காலியாகிவிடும். காலிக் குழாயில் ஹீமோகுளோபின் இல்லை, ஒளி சும்மா கடந்துபோகும். தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். தெளிப்பு முறையில் எதிர்மாறான தவறு: அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் வளைய வடிவில் குளிர்க்காயம்.

துடிப்பு விழும்போது ரப்பர் வளையம் சுண்டியது போல இருக்கும், என்டி யாக்கில் சூடான ஊசி குத்தியது போல. மருத்துவர் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் நிறுத்திக் குழாயைப் பார்க்க வேண்டும். இழை சட்டென மறைவது, கறுத்து நீலமாவது, உள்ளே ரத்தம் உறைந்து திட்டாவது, ஓரத்தில் கொஞ்சம் சிவந்து தடிப்பது, இவை சரியான அடையாளங்கள். தோல் சாம்பல் நிறமாகவோ வெண்மையாகவோ மாறினால் மேல்தோல் வெந்துவிட்டது. உடனே நிறுத்திக் குளிர்ச்சி கொடுக்க வேண்டும்.

என்டி யாக்கில் ஒரே இடத்தில் அடுக்கடுக்காகத் துடிப்பு கொடுக்கக்கூடாது. முதல் துடிப்பில் சூடான ஹீமோகுளோபின் ஒரு பகுதி மெத்ஹீமோகுளோபினாக மாறுகிறது. அது 1064 ஒளியைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். அதே எண்ணில் இரண்டாவது துடிப்பு எதிர்பாராத சூட்டை எழுப்பும். அதனால் துடிப்புக்குத் துடிப்பு சிறு இடைவெளி விட்டு, குழாயின் போக்கிலேயே நகர்ந்து போவார்கள். காலில் முதலில் தடித்த குழாய், பிறகு மெல்லியது. தடித்ததற்கு அகலப் புள்ளி, நீண்ட துடிப்பு, குறைந்த ஆற்றல். மெல்லியதற்குச் சிறு புள்ளி, குறுகிய துடிப்பு, கூடுதல் ஆற்றல். சிலந்தி உருவில் நடுப்புள்ளி இருந்தால் நடுவை மூட வேண்டும், கால்கள் தாமாக வாடும்.

மூக்கின் இரு பக்கச் சரிவும், கன்னத்தோடு சேரும் பள்ளமும் பிடிவாதமான இடங்கள். மற்ற இடங்களை விட அதிக அமர்வு கேட்கும். பொறுமையில்லாமல் அங்கே என்டி யாக்கின் ஆற்றலைக் கூட்டினால் மூக்கில் குழி விழுந்த தழும்பு நிற்கும்.

படி 6: முதல் இரண்டு வாரம்

முடிந்ததும் 10 முதல் 15 நிமிடம் துணி சுற்றிய ஐஸ். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். கன்னத்தில் செய்தவர்களுக்கு மறுநாள் காலை கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும், இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். இரவில் தலையணையை உயர்த்திப் படுத்தால் வீக்கம் குறையும். வெந்நீர்க் குளியல், நீராவி, கடுமையான உடற்பயிற்சி, மது ஆகியவை இரண்டு மூன்று நாளைக்கு வேண்டாம். இவை குழாய்களை விரியச் செய்யும்.

காலில் செய்திருந்தால் அன்றே நடக்கத் தொடங்கலாம், நடக்கவும் வேண்டும். அழுத்தக் காலுறையை 1–2 வாரம் பகலில் போடச் சொல்வது வழக்கம். 20–30 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ளது பரவலாகப் பயன்படுகிறது. கால் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் இதைப் போடக்கூடாது.

செதில் படிந்தால் பிய்க்க வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காமல் வாசலின் தடவி மூடிவையுங்கள், மருத்துவருக்குத் தெரிவியுங்கள். வெயில் காப்பு கிரீம் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. கருமையான தோலுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள வெயில் காப்பு மேலானது. கருந்தடத்தைத் தூண்டும் கண்ணுறு ஒளியை வெள்ளைக் கிரீம்கள் சரிவரத் தடுப்பதில்லை.

படி 7: காத்திருந்து மறுபடி

முகத்துக்கு 4–6 வாரம், காலுக்கு 6–12 வாரம் இடைவெளி. முகத்தில் பெரும்பாலோர்க்கு ஒன்று முதல் மூன்று அமர்வு, காலில் அதை விடக் கூடுதல். காலில் முதல் வாரங்களில் கோடுகள் முன்பை விடக் கறுத்துத் தெரிவது தோல்வி அல்ல, உள்ளே உறைந்த ரத்தம் கரையக் காத்திருக்கிறது. இந்தப் பதற்றத்தில் மூன்றாம் வாரமே இன்னொரு அமர்வுக்கு நச்சரிக்காதீர்கள். மூடிய குழாயின் மேல் மறுபடி சுட்டால் கிடைப்பது தழும்பு மட்டுமே.

என்னென்ன பிசகும்

பழுப்புத் தடம் காலில் மிகச் சாதாரணம். குழாயிலிருந்து கசிந்த ரத்தத்தின் இரும்பு தோலில் படிவது ஒரு வகை, காயத்துக்கு எதிர்வினையாக மெலனின் கூடுவது இன்னொரு வகை. நிறம் நீக்கும் கிரீம்கள் இரண்டாவதற்குத்தான் உதவும். முதலாவது தானாக மங்கச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். கெட்டியான கருங்கயிறு போலத் தட்டுப்பட்டு வலித்தால் ரத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. மருத்துவர் ஊசியால் சிறு துளை போட்டுப் பிதுக்கி எடுத்தால் வலியும் போகும், தடமும் குறையும்.

சிகிச்சை செய்த இடத்தைச் சுற்றி முன்பு இல்லாத மிக நுண்ணிய சிவப்பு வலை கிளம்புவது உண்டு, தொடையில் குறிப்பாக. பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்தில் தானே மறையும். மறையாவிட்டால் ஊட்டும் குழாய் ஏதும் விட்டுப்போனதா என்று பார்க்க வேண்டும். வெண்தடம் இவற்றை விட மோசமானது. நிறம் தரும் செல்களே அடிபட்டதன் விளைவு, திரும்ப நீண்ட காலம் எடுக்கும், சிலருக்குத் திரும்பாது.

நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், காய்ச்சல், அல்லது ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலிப்பது, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

காலில் மூன்று அமர்வுக்குப் பிறகும் புகைப்படத்தில் வித்தியாசம் தெரியவில்லையென்றால் நான்காவதற்குப் பணம் கட்டாதீர்கள், படி 2-க்குத் திரும்புங்கள். இடம் மாறி வேறு மருத்துவரிடம் போவதானால் பழைய அமர்வுகளின் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த மெஷின், அலைநீளம், புள்ளியின் அகலம், துடிப்பு நேரம், ஆற்றல், துடிப்பு விழுந்ததும் குழாயில் தெரிந்த மாற்றம். இந்த ஆறும் எழுதியிருந்தால் அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம், இல்லாவிட்டால் மறுபடி சோதனைப் புள்ளியிலிருந்துதான்.